சுலோபெனெம்: ஒரே சோதனையில் ஜெயித்துத் தோற்ற மாத்திரை

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். சிறுநீர்ப்பைத் தொற்றோடு வந்த பெண்களில் ஒரு பாதிக்கு சுலோபெனெம் என்ற புது மாத்திரை, மறு பாதிக்கு எல்லாருக்கும் தெரிந்த சிப்ரோஃப்ளாக்சசின். சிப்ரோவுக்கு மசியாத கிருமி இருந்தவர்களில் சுலோபெனெம் 62.6 சதவீதம் பேரைக் குணப்படுத்தியது, சிப்ரோ 36 சதவீதம் பேரை. சிப்ரோவுக்கு அடங்கும் கிருமி இருந்தவர்களில் கதை தலைகீழ்: சுலோபெனெம் 66.8, சிப்ரோ 78.6.

ஒரே சோதனை, ஒரே மாத்திரை. ஒரு பிரிவில் தெளிவான வெற்றி, இன்னொன்றில் தெளிவான தோல்வி. இந்த முடிவு வெளியானது 2020-இன் நடுவில். அமெரிக்காவில் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 2024 அக்டோபர் 25 அன்று. இடையிலிருந்த நான்கு ஆண்டுகளில் மருந்தின் மூலக்கூறு மாறவில்லை, அளவும் மாறவில்லை. எதோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் மாறியது. இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுதான். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு ஒரு மாத்திரை 'வேலை செய்கிறது' என்று சொல்லும்போது எதை எண்ணிச் சொல்கிறோம் என்பதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் வேறு கதை சமீபத்தில் இல்லை.

மருந்து எங்கிருந்து வந்தது

சுலோபெனெம் புது மருந்தே இல்லை. ஃபைசர் நிறுவனம் 1980-களில் உருவாக்கிய மூலக்கூறு. பெனிசிலின், செஃபலோஸ்போரின் எல்லாம் அடங்கிய பீட்டா-லாக்டம் பெருங்குடும்பத்தில் பெனெம் என்ற சிறு கிளையைச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிகளில் ஊசியாகப் போடும் மெரோபெனெம், இமிபெனெம் ஆகிய கார்பபெனெம்களுக்கு நெருங்கிய உறவு. ஜப்பானில் ஊசி வடிவில் கொஞ்ச காலம் சோதித்துப் பார்த்தார்கள், பிறகு கிடப்பில் போட்டார்கள். 2015-இல் அயர்லாந்தின் டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட ஐடெரம் தெரப்யூட்டிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் ஃபைசரிடமிருந்து உரிமம் வாங்கியது.

அப்போது ஏன் அதற்குத் திடீர் மவுசு? காரணம் ஈ.கோலை. சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு கிருமிதான் பொறுப்பு. அது ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கப் பழகிவிட்டால் செஃபிக்சிம் போன்ற வாய்வழி செஃபலோஸ்போரின்கள் பலிக்காமல் போகும். அப்படிப்பட்ட கிருமி பெரும்பாலும் சிப்ரோவுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும்கூட எதிர்ப்பைச் சுமந்துகொண்டே வரும். நைட்ரோஃபியூரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் மிச்சம். அவையும் ஒத்துக்கொள்ளாத பெண்ணை, வெறும் நீர்க்கடுப்புக்காக, ஊசி போட ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். ஈஎஸ்பிஎல் நொதியால் உடைக்க முடியாத பெனெம் ஒன்று மாத்திரையாகக் கிடைத்தால் அந்த அட்மிஷன் மிச்சம்.

சிக்கல் என்னவென்றால் சுலோபெனெமை அப்படியே விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அதனால் எட்ஸாட்ராக்சில் என்ற எஸ்டர் வாலை ஒட்டினார்கள். குடலைக் கடந்ததும் உடலின் நொதிகள் அந்த வாலை வெட்டிவிட, சுலோபெனெம் வெளியே வரும். சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சப்படுவது கூடும். இரண்டாவது சிக்கல், சிறுநீரகம் அதை வேகமாக வெளியேற்றிவிடும். பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கு உச்ச அளவு எவ்வளவு ஏறியது என்பது பெரிதல்ல. கிருமியை அடக்கத் தேவையான அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் தங்கியது என்பதுதான் கணக்கு. எனவே அதே மாத்திரையில் 500 மில்லிகிராம் புரோபெனெசிட்டையும் சேர்த்தார்கள்.

புரோபெனெசிட் பழைய ஆள். பெனிசிலின் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் நோயாளிகளின் சிறுநீரிலிருந்தே பெனிசிலினைத் திரும்பப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அவ்வளவு வேகமாக அது உடலை விட்டு வெளியேறியது. அந்தக் கதவை அடைக்கத் தேடியபோது கிடைத்ததுதான் புரோபெனெசிட். சிறுநீரகக் குழாய்களில் மருந்தை வெளியே தள்ளும் கடத்திகளை அது மறித்துவிடும். அதே நேரம் யூரிக் அமிலத்தை அதிகமாக வெளியேற்றும், அதனால் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வலிக்கும் கவுட் நோய்க்கும் பயன்பட்டது. யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கு சுலோபெனெம் மாத்திரை கூடாது என்று லேபிளில் இருப்பதற்கு இந்தப் பழைய குணம்தான் காரணம். ஒரு தொற்று மாத்திரையின் எச்சரிக்கைப் பட்டியலில் கவுட் எப்படி நுழைந்தது என்று குழம்பும் மருந்தாளுநருக்கு விடை இதில் இருக்கிறது.

மூன்று சோதனை, மூன்றும் சறுக்கல்

ஐடெரம் துணிந்து மூன்று பெரிய சோதனைகளை ஒரே காலத்தில் நடத்தியது. ஷ்யூர்-1 சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு. ஷ்யூர்-2 சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு, இதில் முதலில் சுலோபெனெம் ஊசி, பிறகு மாத்திரை. ஷ்யூர்-3 வயிற்றுக்குள் ஏற்படும் சிக்கலான தொற்றுக்கு.

முதலில் வந்தது ஷ்யூர்-3, 2019 டிசம்பரில். இப்படிப்பட்ட சோதனைகளில் புது மருந்து பழையதைவிட மேல் என்று காட்ட வேண்டியதில்லை. அதைவிட 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் மோசமில்லை என்று காட்டினால் போதும். குணமான விகிதம் சுலோபெனெமில் 85.5, எர்டாபெனெம் என்ற கார்பபெனெம் ஊசியில் 90.2. வித்தியாசம் 4.7 தானே என்று தோன்றும். ஆனால் பார்க்கப்படுவது அந்த ஒற்றை எண் அல்ல, அதைச் சுற்றியுள்ள 95 சதவீத நம்பிக்கை எல்லையின் கீழ்முனை, அதாவது உண்மையான வித்தியாசம் மிக மோசமாகப் போனால் எவ்வளவு இருக்கலாம் என்ற கணிப்பு. அது மைனஸ் 10.3-இல் நின்றது. கோடு மைனஸ் 10. வெறும் 0.3 புள்ளியில் போயிற்று.

ஷ்யூர்-2-இல் சுலோபெனெம் 67.8, எர்டாபெனெமில் தொடங்கியவர்கள் 73.9. கீழ்முனை மைனஸ் 12. இதுவும் தோல்வி. ஆனால் இதற்குள் ஒரு விவரம் ஒளிந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் ஊசி முடிந்தபின் மாத்திரைக்கு மாறியவர்கள், அவர்கள் கிருமி அடங்குமென்றால், சிப்ரோ எடுத்தார்கள். இடைவெளியை உண்டாக்கியது பெரும்பாலும் அந்தச் சிப்ரோக்காரர்கள்தான். அவர்கள் சிறுநீர் பிறகு சோதித்தபோதும் சுத்தமாக இருந்தது. சுலோபெனெம் எடுத்தவர்களில் பலருக்கு நோய்க்குறி எதுவுமில்லை, ஆனால் சிறுநீரில் கிருமி மறுபடி தென்பட்டது.

ஷ்யூர்-1-இன் 1,671 பெண்களிலும் இதே கதைதான் இன்னும் பெரிய எழுத்தில் வந்தது. சுலோபெனெம் நாளைக்கு இரண்டு வேளை 5 நாள், சிப்ரோ நாளைக்கு இரண்டு வேளை 3 நாள். 12-ஆம் நாளில் இரண்டு கேள்விகள். நோய்க்குறிகள் முழுதாகப் போய்விட்டனவா? சிறுநீரில் கிருமி மில்லிக்கு 1,000-க்குக் கீழே இறங்கியதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் வெற்றி. எரிச்சல் போய், அடிக்கடி பாத்ரூம் ஓடுவது நின்று, அந்தப் பெண் வேலைக்குத் திரும்பியிருந்தாலும் கல்ச்சரில், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்தால் கணக்கில் தோல்வி.

சிப்ரோ அடக்கக்கூடிய கிருமிப் பிரிவில் 11.8 புள்ளி இடைவெளி விழுந்தது இப்படித்தான். நோய்க்குறி தீர்ந்த கணக்கை மட்டும் எடுத்தால் இரண்டு மருந்தும் பக்கம் பக்கமாக நின்றன. இடைவெளியைத் தள்ளித் திறந்தது அறிகுறியில்லாத கிருமி.

அறிகுறியில்லாத கிருமி: தோல்வியா, இல்லையா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் கிளினிக்கும் ஆய்வுக்கூடமும் இங்கே ஒன்றையொன்று நேருக்கு நேர் மறுக்கின்றன.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: கர்ப்பமில்லாத, நலமாக இருக்கும் பெண்ணுக்கு சிறுநீரில் கிருமி தெரிந்தாலும், அறிகுறி இல்லையென்றால் தேடவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தால் நன்மை இல்லை, எதிர்ப்புக் கிருமி வளர்வதுதான் மிச்சம். நீர்க்கடுப்பு தீர்ந்தபின் 'எதற்கும் இருக்கட்டும்' என்று மறுபடி கல்ச்சர் எடுப்பதை நல்ல மருத்துவர்கள் தவிர்ப்பது இதனால்தான். அதே ஆண்டு எஃப்டிஏ, அதாவது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சாதாரண சிறுநீர்த் தொற்று மருந்துகளைச் சோதிப்பதற்கு வெளியிட்ட வழிகாட்டியிலோ நோய்க்குறியும் கல்ச்சரும் சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

எஃப்டிஏ பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சிறுநீர்ப்பைத் தொற்று பல பெண்களுக்குத் தானாகவே தீர்ந்துவிடும். ஜெர்மனியில் நடந்து 2015-இல் வெளியான ஒரு சோதனையில் ஒரு பாதிப் பெண்களுக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பதில் இபுபுரோஃபென் மட்டும் கொடுத்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். (அதே குழுவில் தொற்று சிறுநீரகம்வரை ஏறியவர்கள் ஃபாஸ்ஃபோமைசின் குழுவைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அதனால் யாரும் வலி மாத்திரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.) இப்படித் தானாகத் தீரும் நோயில் அறிகுறியை மட்டும் எண்ணினால் ஒன்றுக்கும் உதவாத மாத்திரைகூட நல்ல மாத்திரை மாதிரித் தெரியும். மருந்து உண்மையிலேயே கிருமியைத் தொட்டதா என்று பார்க்கக் கல்ச்சர் வேண்டும். சிப்ரோவுக்கு அடங்காத கிருமி இருந்தும் 36 சதவீதம் பேர் சிப்ரோவில் தேறியதாகக் கணக்கு வந்ததே, அதில் ஒரு பங்கு இந்தத் தானாகத் தீர்தல்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. சிப்ரோ மட்டும் ஏன் சிறுநீரை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறது? சிறுநீர்ப்பைக்கு வரும் ஈ.கோலை குடலிலிருந்து புறப்பட்டு, பிறப்புறுப்புப் பகுதியில் தங்கி, பிறகு சிறுநீர்த் தாரை வழியே மேலேறுகிறது. சிப்ரோ அந்த வழித்தங்கலிலும் கிருமியைத் துடைத்துவிடும். பீட்டா-லாக்டம் மருந்துகள் அதில் சுமார்தான். 2012-இல் வெளியான ஒரு அமெரிக்கச் சோதனையில் சிப்ரோவையும் பீட்டா-லாக்டம் வகையைச் சேர்ந்த செஃப்போடாக்சிமையும் ஒப்பிட்டார்கள். 30-ஆம் நாளில் குணமான விகிதம் 93-க்கு 82. சிகிச்சைக்குப்பின் முதல் பரிசோதனையில் பிறப்புறுப்புப் பகுதியில் ஈ.கோலை தங்கியிருந்தவர்கள் சிப்ரோவில் 16 சதவீதம், செஃப்போடாக்சிமில் 40 சதவீதம். சுலோபெனெமின் சறுக்கலை இதை வைத்து முன்கூட்டியே ஊகித்திருக்கலாம் என்பது என் எண்ணம். பீட்டா-லாக்டம் ஒன்றை சிப்ரோவோடு, அதுவும் சிப்ரோ பலிக்கும் கிருமிகளில், மோதவிட்டது சிப்ரோவின் பலத்த களத்திலேயே போய் நின்ற மாதிரி.

அப்படியானால் ஏன் சிப்ரோவைத் தேர்ந்தார்கள்? 2008-இலேயே அதற்குத் தசைநார் அறுபடும் ஆபத்து பற்றிக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது லேபிளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்துவிட்டது. 2016 ஜூலையில் எஃப்டிஏ இன்னும் கடுமையாக்கி, வேறு வழியிருந்தால் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு இந்த வகையைக் கொடுக்க வேண்டாம் என்றது. கொடுக்க வேண்டாம் என்று சொன்ன மருந்தையே அளவுகோலாக வைத்தது வினோதம்தான். ஆனால் ஒப்பீட்டு மருந்தின் பலன் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் 10 புள்ளி எல்லைக்கு அர்த்தம் உண்டு. சிப்ரோவுக்கு அந்தத் தரவு இருந்தது. அதோடு, எதிர்ப்பு உள்ளவர்களில் சிப்ரோவைத் தோற்கடித்துக் காட்டினால் அதைவிட வலுவான சான்று கிடைக்காது. இரட்டைக் குறி வைத்தார்கள், ஒன்று விழுந்தது.

2021 ஜூலை: நிராகரிப்பு

நிறுவனம் ஷ்யூர்-2, ஷ்யூர்-3 இரண்டையும் ஓரம் வைத்துவிட்டு, ஷ்யூர்-1-ஐ மட்டும் முன்னிறுத்தி 2020-இன் கடைசியில் விண்ணப்பித்தது. கேட்டதும் குறுகலான அனுமதிதான்: சிப்ரோ சேர்ந்த குவினோலோன் வகைக்கு எதிர்ப்புள்ள கிருமி என்று உறுதியான, அல்லது பலமாகச் சந்தேகிக்கப்படும் பெண்களுக்கு மட்டும். இரண்டு பிரிவையும் கூட்டிப் பார்த்தால் 65.6-க்கு 67.9, கீழ்முனை மைனஸ் 7.9, எல்லைக்குள் வந்துவிடுகிறதே என்ற கணக்கும் கையில் இருந்தது.

2021 ஜூலையில் எஃப்டிஏ திருப்பி அனுப்பியது. கடிதத்தின் சாரத்தைப் படித்தால் முழு நிராகரிப்பு மாதிரித் தெரியாது. எதிர்ப்புள்ள கிருமிப் பிரிவில் பலன் இருப்பதற்குப் போதுமான சான்று ஷ்யூர்-1-இல் இருப்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒற்றைத் துணைப்பிரிவை மட்டும் நம்பி அனுமதி தர முடியாது, இன்னொரு முறையான சோதனை வேண்டும் என்றார்கள். வேறொரு ஒப்பீட்டு மருந்தைப் பயன்படுத்தலாம் என்று யோசனையும் சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரிதான் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான வேலை.

எஃப்டிஏவின் தயக்கத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீர்க்கடுப்போடு ஒரு பெண் வரும்போது அவளுக்குள் இருப்பது சிப்ரோவுக்கு அடங்கும் கிருமியா இல்லையா என்று மருத்துவருக்குத் தெரியாது. கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், மாத்திரை இன்றே வேண்டும். அதனால் 'எதிர்ப்புள்ளவர்களுக்கு மட்டும்' என்று லேபிளில் எழுதினாலும் நடைமுறையில் மருந்து எல்லாரிடமும் போகும். சாதாரணக் கிருமி உள்ளவளுக்குப் பழைய மாத்திரையைவிடப் பலவீனமான ஒன்றைக் கொடுத்ததாகிவிடக் கூடாதே என்ற கவலை அது.

ரீஅஷ்யூர்

இரண்டாம் சோதனைக்கு ரீஅஷ்யூர் என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை ஐடெரம் ஜாக்கிரதையாக இருந்தது. சோதனையின் வடிவத்துக்கு முன்கூட்டியே எஃப்டிஏவின் எழுத்துபூர்வமான ஒப்புதலை 2022-இல் வாங்கிய பிறகே தொடங்கியது. ஒப்பீட்டு மருந்து அமாக்சிசிலின்-கிளாவுலனேட், நம்மூரில் ஆக்மென்டின் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். 875/125 மில்லிகிராம், இரண்டு வேளை, 5 நாள். சேர்ந்த பெண்கள் 2,222 பேர்.

இப்போது இரு பக்கமும் பீட்டா-லாக்டம். வழித்தங்கலைத் துடைக்கும் கூடுதல் சக்தி யாருக்கும் இல்லை. 2024 ஜனவரியில் முடிவு வந்தது: ஆக்மென்டினுக்கு அடங்கும் கிருமி உள்ளவர்களில் சுலோபெனெம் 61.7 சதவீதம், ஆக்மென்டின் 55. வித்தியாசம் 6.7, கீழ்முனை பிளஸ் 0.3, அதாவது பூஜ்யத்துக்கும் மேலே. மோசமில்லை என்று மட்டுமல்ல, மேல் என்றே காட்டிவிட்டது. ஷ்யூர்-3-இல் 0.3 புள்ளியில் தோற்ற மருந்து, ரீஅஷ்யூரில் 0.3 புள்ளியில் 'மேல்' என்ற பட்டம் வாங்கியது. எண்கள் சில நேரம் இப்படி விளையாடும்.

61.7-ஐ 66.8-ஓடு ஒப்பிட்டால் இன்னொன்று கண்ணில் படும். சுலோபெனெம் இரண்டாம் சோதனையில் முதலாவதைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை, எண்ணளவில் கொஞ்சம் குறைவுதான். வெவ்வேறு சோதனைகளின் எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பது சரி. ஆனாலும் மருந்து ஏறக்குறைய அங்கேயேதான் நின்றது, எதிரில் நின்றவர் மாறினார் என்பதை மறைக்க முடியாது. ஆக்மென்டினுக்கே அடங்காத கிருமி இருந்தவர்கள் ரீஅஷ்யூரில் மிகச் சொற்பம், அவர்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதாவது அனுமதியை வாங்கித் தந்த சோதனை, மருந்து உண்மையில் யாருக்குத் தேவையோ அவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர்களைப் பற்றிப் பேசியது முதலில் தோற்ற ஷ்யூர்-1.

55, 61 என்ற எண்களைப் பார்த்து 'இவ்வளவுதானா?' என்று யாராவது அதிர்ந்தால், அதே அளவுகோலில் மற்ற மருந்துகளையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் அனுமதி பெற்ற கெபோடிடாசின் என்ற வேறு வகை மாத்திரையை நைட்ரோஃபியூரான்டாயினோடு இரண்டு சோதனைகளில் ஒப்பிட்டார்கள். ஒன்றில் 50.6-க்கு 47, மற்றதில் 58.5-க்கு 43.6. நைட்ரோஃபியூரான்டாயின் உலகம் முழுக்க முதல் தேர்வாகக் கொடுக்கப்படும், பெண்கள் நாள்தோறும் தேறிக்கொண்டிருக்கும் மருந்து. அறிகுறி ஒன்றுகூட மிச்சமில்லாமல், கல்ச்சரும் சுத்தமாக, இரண்டும் ஒரே நாளில் என்று கேட்டால் அதற்கே பாதிக்குக் கீழே மதிப்பெண். கிளினிக்கில் நாம் பார்க்கும் 'குணம்' வேறு, இந்தக் கணக்கின் 'குணம்' வேறு.

கமிட்டியும் லேபிளும்

அனுமதிக்கு முன்னால், 2024 செப்டம்பர் 9 அன்று, எஃப்டிஏவின் ஆலோசனைக் கமிட்டி கூடியது. அங்கே வேலை செய்யுமா என்பதைவிட, எங்கே போய் முடியும் என்ற பேச்சு முக்கியமாக இருந்தது. பெனெம் மாத்திரை மருந்துக்கடைவரை வந்து, எல்லா நீர்க்கடுப்புக்கும் எழுதப்பட ஆரம்பித்தால், கார்பபெனெம் ஊசிகளுக்கும் எதிர்ப்பு வளருமோ என்ற பயம். அந்த ஊசிகள்தான் ஐசியுவில் கடைசிக் கை.

லேபிள் அந்தப் பயத்தைச் சுமந்தே வந்தது. ஓர்லின்வா என்ற பெயரில், ஈ.கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே, புரோடியஸ் மிராபிலிஸ் ஆகிய மூன்று கிருமிகளால் வரும் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு, வேறு வாய்வழி மருந்து இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள வயதுவந்த பெண்களுக்கு மட்டும். சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுத் தொற்றுக்கும் இல்லை, அவற்றில் ஊசிக்குப்பின் தொடர்வதற்கும் இல்லை என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். ஷ்யூர்-2, ஷ்யூர்-3 தோல்விகள் அந்த வரியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

வியாபாரப் பக்கம் சுருக்கமாக. 2012-இல் வந்த சட்டத்தின்படி தகுதிபெற்ற தொற்று மருந்து என்பதால் அமெரிக்கச் சந்தையில் 10 ஆண்டுப் பாதுகாப்பு. இருந்தும் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவர 2025 ஆகஸ்ட் ஆயிற்று. புது ஆன்டிபயாடிக்கை 'முடிந்தவரை பயன்படுத்தாதீர்கள்' என்ற நிபந்தனையோடுதான் விற்க வேண்டும். அதில் எந்தச் சிறு நிறுவனமும் தாக்குப்பிடிப்பது கஷ்டம். சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கான பிளாசோமைசின் ஊசிக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கிய அகேயஜன் நிறுவனம் அடுத்த ஏப்ரலிலேயே திவாலானது.

நம் பக்கத்துக் கணக்கு

அமெரிக்காவில் ஒரு வாய்வழி பெனெமுக்கு இவ்வளவு இழுபறி. இந்தியாவில் ஃபாரோபெனெம் என்ற வாய்வழி பெனெம் பல ஆண்டுகளாக மருந்துக்கடையில் இருக்கிறது, பல பிராண்டுகளில். அதன் ஒரு வடிவத்துக்கு எஃப்டிஏ 2006-இலேயே அனுமதி மறுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளைப் பிரித்து வைக்கும் பட்டியலில் அது 'ரிசர்வ்', அதாவது கடைசிக்கென்று ஒதுக்கிய பிரிவில் இருக்கிறது. 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள ஷெட்யூல் எச்1-இலும் உண்டு. சீட்டு எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மருந்தாளுநர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். விதி நல்ல விதி. எத்தனை கடையில் அந்த நோட்டு திறக்கப்படுகிறது என்பதை அவரவர் தெருமுனைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

சுலோபெனெம் இங்கே வந்தாலும் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. ஈஎஸ்பிஎல் நொதிக்கு அது தாக்குப்பிடிக்கும், ஆனால் கார்பபெனெம்களையே உடைக்கும் என்டிஎம் போன்ற நொதிகளுக்கு முன்னால் நிற்காது. 2010-இல் என்டிஎம்-1 பற்றி உலகத்தை உலுக்கிய ஆய்வறிக்கையில் சென்னையில் சேகரித்த 44 கிருமி மாதிரிகள் இருந்தன. சூடோமோனாஸ் கிருமியிடமும் இதற்குப் பெரிதாக வேலையில்லை.

யாருக்குப் பொருந்தும்

லேபிளையும் இரு சோதனைகளையும் சேர்த்துப் படித்தால் இப்படி ஒரு பெண் மனதில் வருகிறாள்: காய்ச்சல், முதுகுவலி, வாந்தி இல்லாத வெறும் சிறுநீர்ப்பைத் தொற்று. கல்ச்சரில் ஈஎஸ்பிஎல் ஈ.கோலை, சிப்ரோவும் கோட்ரைமாக்சசோலும் பலிக்காது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்ததால் நைட்ரோஃபியூரான்டாயின் கொடுக்க முடியவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை. ஃபாஸ்ஃபோமைசின் கொடுத்தும் திரும்பி வந்துவிட்டது. அவளுக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டோடு, 5 நாள், மொத்தம் 10 மாத்திரை. ஆஸ்பத்திரி அட்மிஷன் தவிர்க்கப்படும். வயிற்றுப்போக்கு சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம், குமட்டல், தலைவலி, பூஞ்சைத் தொற்று அதைவிடக் குறைவு.

காய்ச்சலும் விலாவலியும் இருந்தால் இந்த மாத்திரை அவளுக்கானது இல்லை. வலிக்குக் கெடோரோலாக் எடுத்துக்கொண்டிருந்தாலும் கூடாது, புரோபெனெசிட் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கும், ரத்த அணுக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே. மாத்திரை முடிந்து எரிச்சலும் தீர்ந்தபின் 'எல்லாம் சரியா பார்த்துடலாம்' என்று திரும்ப யூரின் கல்ச்சர் எடுக்கவும் வேண்டாம். ஷ்யூர்-1-இல் தோல்வி என்று எழுதப்பட்ட அதே கிருமி அதில் வளரும், அதைப் பார்த்து இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதப்படும். அப்புறம், முதல் கல்ச்சர் ரிப்போர்ட்டில் நைட்ரோஃபியூரான்டாயினுக்கு நேரே 'எஸ்', அதாவது மருந்துக்கு அடங்கும், என்று இருந்து, சிறுநீரகமும் சரியாக இருந்தால், சுலோபெனெம் பற்றிய பேச்சே எழ வேண்டியதில்லை.